ஞா சுனில்டா நீங்கலாக

எங்கள் தலைவர் டோன் எவுலாலியோவுக்கு உலகத்தில் பிடித்த காட்சி ஒன்றுதான்: எதுவுமே இல்லாத கறுப்புத் திரை. காலையில் ரூட்டர் அறைக்கு வருவார். ஐஸ் தண்ணீர் ஃபிளாஸ்க்கை மேசையில் வைப்பார். கொம்புக் குவளையில், ஐஸ் தண்ணீர் ஊற்றிக் குடிக்கிற தெரெரே இலையைக் கொட்டிச் சாய்த்துத் தட்டுவார். பிறகு ஒற்றை விரலால் 'சலூத்' என்று கணினியில் தட்டிவிட்டுத் திரையைப் பார்ப்பார். திரையில் ஒன்றும் வராது. "பாத்தியா நிமியா, ஊரே சுகமா இருக்கு" என்று சொல்லி முதல் குவளையை உறிஞ்சுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஊர் சுகமாக இல்லை என்பது எனக்குத் தெரியும். மோட்டார் சைக்கிளில் ஏணியைக் கட்டிக்கொண்டு வெயிலில் அலைகிறவள் நான். எங்கள் ஊர் புவெர்த்தோ யெருத்தியின் கடைத்தெருவில் இறங்கி நடந்தால் நாலு பேராவது கையைப் பிடித்து நிறுத்தி, "நெட்டு வரலம்மா" என்பார்கள். அலுவலகத்துக்கு போன் போட்டீர்களா என்று கேட்டால், "போட்டேன், டெர்லிஸ் எடுத்தான், எங்க பக்கம் எல்லாம் சரியா இருக்கு, உங்க பெட்டிய அணைச்சுப் போடுங்கன்னு சொன்னான்" என்பார்கள். அலுவலகத்தில் போன் எடுக்கிற டெர்லிஸ் பொய் சொல்லவில்லை. அவன் முன்னாலும் அதே கறுப்புத் திரைதான் இருந்தது.

எங்கள் ஊரில் இணையம் கூட்டுறவுச் சங்கத்தின் சொத்து. விதை, மாட்டுத்தீவனம், மளிகை, சவப்பெட்டி எல்லாம் விற்கிற அதே சங்கம்தான் இணையமும் தருகிறது. அதை நடத்துவது மூன்று பேர்: டோன் எவுலாலியோ, டெர்லிஸ், நான். ஆற்றங்கரை சிக்னல் கோபுரத்திலிருந்து வருவதை வாங்கிக் கடத்த ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு பெட்டி உண்டு. பெட்டியை வைக்க இடமும் கரண்டும் வேண்டுமே, அந்தத் தெருவில் யாராவது ஓர் அங்கத்தினர் வீட்டு வராந்தாவில் மாட்டி, அவர்கள் வீட்டு பிளக்கிலேயே சொருகிவிடுவோம். ரூட்டரில் அந்தத் தெருவுக்கு அந்த வீட்டுக்காரர் பெயர்தான் பெயர். தெருவுக்கு நகராட்சி வைத்த பெயர் யாருக்கும் ஞாபகம் இல்லை.

இணைப்புகளின் நிலையைக் காட்டு என்று ரூட்டரிடம் கேட்டால், இணைப்புக்கு ஒரு வரியாகக் கொட்டித் தீர்த்துவிடும். கண் வலிக்கும். அதற்குத்தான் ஒரு வழி இருக்கிறது. கட்டளைக்குப் பின்னால் ஒரு செங்குத்துக் கோடு போட்டு, 'நீக்கு' என்று சொல்லி ஒரு வார்த்தையைக் கொடுத்தால், அந்த வார்த்தை உள்ள வரிகளை ரூட்டர் காட்டாது. டோன் எவுலாலியோ முதலில் செய்தது ரொம்ப நியாயமான காரியம். நன்றாக ஓடுகிற இணைப்புகளின் வரிகளை நீக்கச் சொன்னார், விழுந்தவை மட்டும் மிஞ்சின. நீளமான அந்தக் கட்டளைக்கு 'சலூத்', அதாவது ஆரோக்கியம், என்று ஒரு சுருக்கப் பெயர் வைத்து ரூட்டருக்குள்ளேயே பதித்துவைத்தார். அதோடு விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

வந்தது வினை தெரெரே வேளையில். வட்டமாக உட்கார்ந்து, ஒரே குவளை, ஒரே உறிஞ்சு குழல், ஒருவர் ஊற்றிக் கொடுக்க ஒருவர் ஒருவராக உறிஞ்சித் திருப்பிக் கொடுப்போம். அந்த வட்டம் ஓடும்போது கெட்ட செய்தி பேசக்கூடாது என்பது டோன் எவுலாலியோவின் சட்டம். செத்தவனைப் பற்றிக்கூட வட்டம் முடிந்த பிறகுதான் சொல்ல வேண்டும். ஆனால் திரையில் அடிக்கடி ஒரு வரி வந்து நிற்கும்.

"டேய் டெர்லிஸ், உன் மாமியார் மறுபடி விழுந்துட்டாங்கடா."

"நான் என்ன செய்யட்டும் தலைவரே? மாவு பிசையற மெஷினுக்கு பிளக் வேணும்னு நம்ம பெட்டியப் புடுங்கிப் போட்டுடறாங்க."

"போய்ச் சொல்லு."

"போனா லேசுல விடமாட்டாங்க தலைவரே. சிப்பா தின்னாத்தான் விடுவாங்க. தின்னா இன்னொண்ணு தின்னுன்னுவாங்க. அப்புறம் மாமனார் செத்த கதைய முதல்லேருந்து ஆரம்பிப்பாங்க."

அவன் மாமியார் பெயர் சுனில்டா, மரியாதைக்கு 'ஞா' சேர்த்து ஞா சுனில்டா என்போம். சிப்பா என்கிற பாலாடைக்கட்டி ரொட்டி சுட்டு விற்கிறவர். வெங்கலக் குரல், இடுப்பில் எப்போதும் மாவுக் கை. ஆரம்பத்தில் வாரத்துக்கு ஒருமுறை விழுந்துகொண்டிருந்த அவர் இணைப்பு பிறகு மூன்று நாளைக்கு ஒருமுறை விழ ஆரம்பித்தது. தெரெரே வேளையில் தலைவர் வாயால் மாமியார் விழுந்த செய்தியைக் கேட்டுக் கேட்டு நொந்துபோன டெர்லிஸ் ஒருநாள் 'சலூத்'தைத் திறந்து, நீக்க வேண்டிய வார்த்தைகளில் 'சுனில்டா'வையும் சேர்த்துவிட்டான். மறுநாளிலிருந்து மாமியார் விழவே இல்லை. மாமியார் விஷயத்தில் இத்தனை சுலபமான வைத்தியம் கிடைத்த மருமகன் பராகுவாய் முழுவதிலும் அவன் ஒருவன்தான் இருப்பான்.

அவனும் தலைவரும் ருசி கண்டுவிட்டார்கள். பெரியவர் ஒவிதியோ வீட்டுக் கிளி கேபிளைக் கொறிக்கிறதா, ஒவிதியோவை நீக்கு. பூசை நேரத்தில் பையன்கள் சுவரில் உட்கார்ந்து போன் பார்க்கிறார்கள் என்று பாதிரியார் பெட்டியை அணைக்கிறாரா, பாதிரியாரை நீக்கு. ஒவ்வொருவரும் தான் சேர்த்தது மட்டும்தான் உள்ளே இருக்கிறது, ஒன்றிரண்டுதானே என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். ரூட்டர் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. வரியை மறைக்கச் சொன்னால் மறைக்கும், அவ்வளவுதான்.

இதெல்லாம் எனக்குத் தெரியவந்தது சங்கத்தின் பொதுக்கூட்டத்துக்கு முந்தைய வெள்ளிக்கிழமை. அந்தக் கூட்டம் சாதாரணக் கூட்டம் இல்லை. தலைநகரத்திலிருந்து ஒரு பெரிய நிறுவனம் வந்து, இணையப் பிரிவை எங்களிடம் கொடுத்துவிடுங்கள் என்று கேட்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை அங்கத்தினர்கள் கையைத் தூக்கி முடிவு செய்வார்கள். கொடுத்துவிட்டால் நாங்கள் மூன்று பேரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். டெர்லிஸுக்கு மாமியாரின் சிப்பா அடுப்பு இருக்கிறது. எனக்கு மாட்ரிட்டில் அக்கா இருக்கிறாள். "ஒரு கிழவரைப் பாத்துக்கற வேலை இருக்குடி. சாப்பாடு, தங்கல் எல்லாம் அங்கேயே. அவரோட நாயையும் நீதான் குளிப்பாட்டணும்" என்று போனில் சொல்லிவைத்திருந்தாள். எனக்கு நாயும் வேண்டாம், மாட்ரிட்டும் வேண்டாம். எங்கள் ஆற்றங்கரைக் கோபுரத்து உச்சியில் நின்றால் காற்று எப்படி அடிக்கும் தெரியுமா? அதை விட்டுவிட்டுப் போக எனக்கு மனசே இல்லை.

டோன் எவுலாலியோவின் நிலைமை என்னைவிட மோசம். அந்தக் கோபுரத்தை அவர் தன் கையால் நிறுத்தினார். முதல் கேபிளை மாட்டு வண்டியில் கொண்டுவந்தவர். முழங்கால் போனதே கோபுரத்தில் ஏறி இறங்கித்தான். ஆனால் நாலு பேர் முன்னால் நின்று பேசச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் அவர் ஒரு யோசனை செய்திருந்தார். மண்டபத்துச் சுவரில் பெரிதாகத் திரை போட்டு, எல்லார் கண் முன்னாலும் 'சலூத்' என்று தட்டுவார். ஒன்றும் வராது. அதுதான் அவருடைய பிரசங்கம்.

"பேசவே வேண்டாம் நிமியா. அவங்களே பாத்துக்குவாங்க. ஒரு வரி இருக்கா? இல்ல. அப்புறம் எதுக்கு இன்னொருத்தன்?" என்றார். சொல்லும்போது கண்ணெல்லாம் மின்னியது. சின்னப் பிள்ளை மாதிரி இருந்தார்.

அந்தத் திரைக்கு எழுத்து அளவு சரிபார்க்கத்தான் நான் ரூட்டருக்குள் போனேன். 'சலூத்' என்கிற பெயருக்குள் உண்மையில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். அது பெயர் பெயராகக் கக்கியது. ஒரு வரியில் அடங்கவில்லை, மடங்கி மடங்கி ஓடியது. கல்யாணப் பத்திரிகை மாதிரி பாதி ஊர் அதில் இருந்தது. நீக்காமல் பார்த்தால் என்ன வரும் என்று பார்த்தேன். விழுந்துகிடந்த இணைப்புகள் வரிசையாக வந்து நின்றன.

உடனே தலைவரிடம் ஓடினேன். வட்டம் நடந்துகொண்டிருந்தது.

"தலைவரே, ஒரு விஷயம்..."

"நல்ல விஷயமா, கெட்ட விஷயமா?"

"கெட்டதுதான், ஆனா..."

"வட்டம் முடியட்டும். இந்தா, உன் முறை."

உறிஞ்சினேன். குவளையைத் திருப்பிக் கொடுத்தேன். எங்கள் பக்கம் குவளையைத் திருப்பும்போது 'நன்றி' என்று சொன்னால் எனக்குப் போதும், வட்டத்திலிருந்து விலகுகிறேன் என்று அர்த்தம். எல்லாரும் நன்றி சொன்னால் வட்டம் முடியும். நான் நன்றி சொன்னேன், டெர்லிஸ் நன்றி சொன்னான். தலைவர் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தை நினைத்த பயத்தில் அவருக்குத் தாகம் அடங்கவே இல்லை. தனக்குத் தானே ஊற்றிக்கொண்டு, தானே உறிஞ்சிக்கொண்டு, ஒற்றை ஆளாக மதியம்வரை வட்டத்தை ஓட்டினார். அதற்குமேல் நான் என்ன செய்ய? தலையில் அடித்துக்கொண்டு ஏணியை எடுத்தேன்.

வெள்ளி மாலையும் சனிக்கிழமை முழுவதும் ஓடினேன். கிளி கொறித்த கேபிளை மாற்றினேன், கிளி என் காதையும் கொறித்தது. பாதிரியாரிடம் சண்டை போட்டுப் பெட்டியைப் போட வைத்தேன். கால்பந்து மன்றத்துப் பெட்டிக்குள் எறும்பு குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது, காலி செய்ய வைத்தேன். கடைசியில் மிஞ்சியது ஞா சுனில்டா தெரு ஒன்றுதான்.

"அத நான் பாத்துக்கறேன். என் மாமியார்தானே, போற வழியில ஒரு எட்டு போய் சொருகிட்டு வந்துடறேன்" என்றான் டெர்லிஸ்.

"சத்தியமா?"

"என் அம்மா மேல சத்தியம். நீ போய்க் குளி, உன் மேல எறும்பு ஊருது."

நம்பினேன். முட்டாள் மாதிரி நம்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிரம்பி வழிந்தது. வெளியே கட்டை அடுக்கி இறைச்சி வாட்டிக்கொண்டிருந்தார்கள், அந்த வாசனைக்காகவே பாதிப் பேர் வந்திருந்தார்கள். சங்கத் தலைவி ஆசிரியை எலோதியா மேசையில் பள்ளிக்கூட மணியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவரிடம் படிக்காதவர்கள் மண்டபத்தில் குறைவு, மணி அடித்தால் கிழவர்கள்கூட வாயை மூடிக்கொள்வார்கள்.

முதலில் நிறுவனத்துக்காரர் பேசினார். பெயர் லிசாண்ட்ரோ. கசங்காத சட்டை, கசங்காத முகம். முன்வரிசையில் யாரோ தெரெரே நீட்ட, ஒரு வாய் உறிஞ்சிவிட்டு மரியாதையாக, "நன்றி" என்றார் பாவம். அதோடு அவர் பக்கம் குவளை திரும்பவில்லை. ஒரு மணி நேரம் அந்த வெக்கையில் பேசிப் பேசித் தொண்டை வறண்டு, குவளை தன் மூக்குக்கு முன்னால் இடமும் வலமும் போய்வருவதைப் பார்த்துக்கொண்டே நின்றார். தலைநகரத்திலும் தெரெரே குடிக்கிறார்கள்தானே? இவர் எங்கே வளர்ந்தாரோ.

அவர் காட்டிய படங்கள் என்னவோ அழகாகத்தான் இருந்தன. கூட்டம் தலையாட்டியது. எனக்கு நாய் குளிப்பாட்டுகிற நினைப்பு வந்தது.

அடுத்தது டோன் எவுலாலியோ. கல்யாணத்துக்குப் போட்ட கோட்டு, பொத்தான் எட்டவில்லை. ஒன்றுமே பேசாமல் கணினி முன்னால் போய் நின்றார். ஒற்றை விரலை உயர்த்திக் கூட்டத்துக்குக் காட்டினார். தட்டினார். சுவரில் கறுப்புத் திரை, பளிச்சென்று, ஒரு வரி இல்லாமல்.

"இதான்" என்றார். "ஊர்ல ஒரு இணைப்புகூட விழல. இதுக்கு மேல எனக்குப் பேசத் தெரியாது."

கை தட்டினார்கள். நன்றாகவே தட்டினார்கள். தலைவரின் காதெல்லாம் சிவந்துபோயிற்று. நானும் கை தட்டினேன். ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தேன். அப்போது மூன்றாவது வரிசையிலிருந்து அந்த வெங்கலக் குரல் எழுந்தது.

"அது என்ன, கரி பூசின சுவரு மாதிரி?"

ஞா சுனில்டா எழுந்து நின்றிருந்தார். நான் டெர்லிஸைப் பார்த்தேன். டெர்லிஸ் தரையைப் பார்த்தான்.

"யாருக்கும் நெட்டு நின்னுபோகலன்னு அர்த்தம், ஞா சுனில்டா" என்றார் தலைவர், அன்பாக.

"எனக்கு வியாழக்கிழமையிலேருந்து இல்லையே."

"அப்படி இருக்காது. மிஷின் பொய் சொல்லாது."

"மிஷின் சொல்லாது. அதுக்குப் பக்கத்துல உக்காந்திருக்கிறவன் சொல்லுவான்ல?"

மண்டபம் சிரித்தது. டெர்லிஸ் நாற்காலியில் வழிந்து கீழே இறங்கிக்கொண்டிருந்தான். ஞா சுனில்டா தெருக்காரர்கள் ஒவ்வொருவராக எழுந்து, எனக்கும் இல்லை, எனக்கும் இல்லை என்றார்கள். லிசாண்ட்ரோ எழுந்தார். தொழில் தெரிந்தவர், விஷயத்தை மோப்பம் பிடித்துவிட்டார்.

"டோன் எவுலாலியோ, ஒரே ஒரு சந்தேகம். அந்தச் சுருக்கக் கட்டளைக்குள்ள என்ன இருக்குன்னு கொஞ்சம் காட்ட முடியுமா?"

"தாராளமா!" என்றார் என் தலைவர். மடியில் கனமில்லை என்றே நினைத்திருந்த மனிதர். "நிமியா, காட்டும்மா."

"தலைவரே, வேண்டாமே..."

"காட்டுன்னா காட்டு."

காட்டினேன். சுவர் முழுக்கப் பெயர்கள். டோன் எவுலாலியோ கண்ணாடியை மாட்டிக்கொண்டு உரக்கப் படிக்க ஆரம்பித்தார். "சுனில்டா நீங்கலாக... ஒவிதியோ நீங்கலாக... பாதிரியார் நீங்கலாக..." போகப்போகக் குரல் இறங்கியது. ஒவ்வொரு பெயருக்கும் மண்டபத்தில் ஓர் இடத்திலிருந்து "அடப்பாவி" என்று ஒரு சத்தம் வந்தது. பாதிரியார் சிலுவை போட்டுக்கொண்டார். கடைசிப் பெயரைப் படிக்காமல் தலைவர் நின்றுவிட்டார்.

"படிங்க" என்றது மண்டபம்.

"பெனேகாஸ் நீங்கலாக" என்றார். அது அவர் குடும்பப் பெயர். அது அவர் வீடு.

"அதான் எங்க தெருவுல அடிக்கடி வரலையா!" என்று பின்னாலிருந்து கத்தியது அவர் மனைவிதான். "சொன்னா, உன் போன்ல கோளாறுன்னு சொன்னீங்களே, பாவி மனுஷா!"

"நீதானே ஞாயித்துக்கிழமை நான் வேலை பாக்கக் கூடாதுன்னு பெட்டிய அணைப்ப! அத வாராவாரம் பாக்க வேண்டாமேன்னுதான்..." என்றவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். தான் சொல்வது தனக்கே கேட்டுவிட்டது.

இது போதாதென்று நடுவரிசையில் ஓர் அம்மாள் எழுந்து, "நானும் வாராவாரம் போன் பண்ணி மல்லுக்கு நிக்கறேன், என் பேரு மட்டும் ஏன் இல்ல? சுனில்டா என்னைவிட ஒசத்தியா?" என்று சண்டைக்கு வந்தார். ஆசிரியை எலோதியா மணியை அடித்து அடித்து, அதன் நாக்கே கழன்று மேசைக்கடியில் உருண்டது.

லிசாண்ட்ரோ கையை உயர்த்தினார். "அங்கத்தினர்களே, இதுதான் நான் சொல்ல வந்தது. எங்ககிட்ட இப்படி நடக்கவே நடக்காது. பேரே கிடையாது, எண்தான். யாரும் யாரையும் மறைக்க முடியாது. கோளாறு வந்தா தூரத்திலேருந்தே மிஷின் பாத்துக்கும்."

முன்வரிசை மறுபடி தலையாட்டியது. அந்தத் தலையாட்டல் எனக்குப் பிடிக்கவில்லை. டெர்லிஸ் அப்போது பார்த்து வாயைத் திறந்தான்.

"அத்தே, நீங்கதானே பிளக்கப் புடுங்கினீங்க! மெஷினுக்காக நீங்களே புடுங்கிப்புட்டு, இங்க வந்து நெட்டு இல்லன்னா எப்படி?"

"ஆமா, நான்தான் புடுங்கினேன்" என்றார் ஞா சுனில்டா. "மெஷினுக்கு இல்ல. மெஷினுக்கு வேற பிளக்கு இருக்கு."

"அப்புறம் எதுக்கு?"

"எதுக்கா? முன்னெல்லாம் புடுங்கினா அன்னைக்கே யாராவது வருவீங்க. டோன் எவுலாலியோவே வந்திருக்கார். நிமியா வந்திருக்கா. வந்து உக்காந்து, ரெண்டு சிப்பா தின்னு, எங்க வீட்டுக்காரர் கதைய கேட்டுட்டுப் போவீங்க. நீயும் என் பொண்ணும் நல்ல நாள்லகூட எட்டிப் பாக்கறதில்ல. சரி, புடுங்கினாத்தான் வர்றாங்கன்னா புடுங்குவோம்னு புடுங்கினேன். ரெண்டு மாசமா புடுங்கறேன்டா. ஒருத்தனும் வரல. நான் செத்துக்கிடந்தாலும் உன் மிஷினு ஊரு சுகமா இருக்குன்னுதான் சொல்லியிருக்கும்."

தெருக்காரர்களில் ஒருவர், "உன்னாலதானா எங்களுக்கெல்லாம் இல்லாம போச்சு" என்று முனகினார். "நீயும்தான் சுவத்துக்கு அந்தப் பக்கம் இருக்க, ஒருநாள் வந்தியா?" என்றார் ஞா சுனில்டா. முனகியவர் உட்கார்ந்துவிட்டார்.

பிறகு ஞா சுனில்டா லிசாண்ட்ரோ பக்கம் திரும்பினார். "தம்பி, உங்க கம்பெனில நான் பிளக்கப் புடுங்கினா யாரு வருவீங்க?"

"யாரும் வர வேண்டிய அவசியமே இல்லம்மா. ஒரு நம்பருக்கு போன் பண்ணா, ஒரு குரல் உங்களுக்கு வழி சொல்லும்."

"அந்தக் குரலு சிப்பா தின்னுமா?"

லிசாண்ட்ரோ தன் படங்களைத் தள்ளித் தள்ளித் தேடினார். ஆசிரியை எலோதியா மணியில்லாமல் மேசையைக் கையால் தட்டினார். "பேச்சு போதும். கம்பெனிக்குக் கொடுத்துடலாம்னு சொல்றவங்க கையத் தூக்குங்க."

அந்தத் தெருக்காரர்கள் கைகள் கொஞ்சம் எழுந்தன. பின்வரிசையிலும் சில. நான் எண்ணவில்லை, எண்ணத் தைரியம் இல்லை. அப்போது மேடை ஓரத்தில் இன்னொரு கை எழுந்தது. பொத்தான் எட்டாத கோட்டுக்குள்ளிருந்து, மெதுவாக. டோன் எவுலாலியோவின் கை.

"தலைவரே, என்ன செய்யறீங்க?" என்றேன்.

"நியாயத்தத்தான் செய்யறேன்" என்றார். முகத்தைத் தூக்கவில்லை. "என் வீட்டையே நான் பாக்கல நிமியா. இவங்க ஊர நான் எப்படிப் பாப்பேன்?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. எத்தனை எரிச்சல் இந்த மனிதர்மேல், அத்தனையும் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. மண்டபம் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தது. ஞா சுனில்டா வரிசையை விட்டு வெளியே வந்தார். நாற்காலிகளை இடித்துக்கொண்டு, யார் காலையோ மிதித்துக்கொண்டு, மேடைக்கு ஏறினார். மாவு கழுவாத கையால் அவர் மணிக்கட்டைப் பிடித்துக் கீழே இறக்கினார்.

"கைய இறக்குங்க டோன் எவுலாலியோ. வெக்கப்படறதுக்கு அப்புறம் நேரம் இருக்கு. முதல்ல என் வீட்டுப் பெட்டிய வந்து பாருங்க."

தெருக்காரர்கள் கைகளும் ஒன்றொன்றாக இறங்கின. ஒருவர் மட்டும் கொஞ்ச நேரம் தூக்கியே வைத்திருந்தார். பக்கத்தில் இருந்தவர் தட்டி எழுப்பியதும், தூங்கிவிட்டேன் என்று இறக்கிக்கொண்டார். ஆசிரியை எலோதியா, "தீர்மானம் தோத்துப்போச்சு, எல்லாரும் சாப்பிடப் போங்க" என்றார். லிசாண்ட்ரோவுக்கு யாரோ இரக்கப்பட்டு ஒரு குவளை நீட்டினார்கள். இந்தமுறை அவர் வாயைத் திறக்காமல் வாங்கிக் குடித்தார்.

நாங்கள் இறைச்சிக்கு நிற்கவில்லை. தலைவர் கோட்டோடேயே என் மோட்டார் சைக்கிள் பின்னால் ஏறிக்கொண்டார். ஞா சுனில்டா டெர்லிஸின் சட்டையைப் பிடித்து முன்னால் விட்டுக்கொண்டு நடந்து வந்தார். வராந்தாவில் பெட்டிக்குக் கீழே ஒயர் தொங்கிக்கொண்டிருந்தது. டோன் எவுலாலியோ முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து சொருகினார். பச்சை விளக்கு எரிந்தது.

"அவ்வளவுதானா?" என்றார் ஞா சுனில்டா.

"அவ்வளவுதான்."

"அப்ப உக்காருங்க."

உட்கார்ந்தோம். சிப்பா வந்தது, தெரெரே வந்தது, அவர் கணவர் செத்த கதை முதலிலிருந்து வந்தது. டெர்லிஸ் எழுந்திருக்கப் பார்த்தபோதெல்லாம் இன்னொரு சிப்பா அவன் கையில் விழுந்தது. அந்தச் சாவுக் கதை கெட்ட செய்தியென்றால் அதைவிடக் கெட்ட செய்தி கிடையாது. ஆனாலும் வட்டம் முடியட்டும் என்று தலைவர் சொல்லவே இல்லை. மனிதர் எந்தக் காய்ச்சலில், எந்த ஆஸ்பத்திரியில், யார் கையைப் பிடித்துக்கொண்டு போனார் என்பதுவரை முழுசாகக் கேட்டார். பொழுது சாயும்போதுதான் குவளையைத் திருப்பிக் கொடுத்து நன்றி சொன்னார்.

வாசல்வரை வந்த ஞா சுனில்டா, "செவ்வாய்க்கிழமை மறுபடி புடுங்குவேன்" என்றார்.

டோன் எவுலாலியோ விரல்விட்டு நாளை எண்ணினார். "செவ்வாய்க்கிழமை நான் கோபுரத்து மேல இருப்பேன் ஞா சுனில்டா" என்றார். "புதன்கிழமை புடுங்குங்க."